பிடியரிசி

உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம்
ஒரு பிடி தனியே.
இவர் சவுதியிலிருந்து திரும்பியபோது
கொண்டுவந்த பால்பவுடர் டின்.
உப்புக் கலயத்துக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நடுவில்
கர்த்தருடைய பங்கு.

என் பிடி சிறியது.
அண்டி ஆபீசில் தல்லித் தல்லி
விரல் நுனியெல்லாம் கறை தின்றுவிட்டது,
முழுசாய் மடங்காது கை.
இடுக்கில் சிந்துவதையும்
காணிக்கைக் கணக்கில்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஆனி மாதம் இவர்
பாறசாலைக்கு அப்பால் ஒரு மாடிவீட்டுச்
சாரத்திலிருந்து விழுந்தார்.
ஆசாரிபள்ளத்தில் நாற்பத்தொரு நாள்.
இடுப்புக்குக் கீழே இப்போது
எந்தச் சேதியும் போவதில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஜெபித்தார்கள்.
ஒருவர் கொஞ்சம் சத்தமாய்,
எங்கள் மறைவான பாவத்தைக் கர்த்தர்
வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்படி.
நான் கண்ணைத் திறந்து
அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புதுச் செருப்பு.

மழை.
ஆப்பிரிக்காவிலிருந்து அண்டி வரவில்லையென்று
ஆபீசைப் பூட்டிவிட்டார்கள்.
செவ்வாய்க்கிழமை குழுக்காரன்
பைக்கை அணைக்காமலே முற்றத்தில் நிற்பான்.
மூன்று நாள் மரச்சீனி.
நாலாம் நாள் ராத்திரி
டின்னை இறக்கினேன்.

கேட்டுத்தான் எடுத்தேன்.
பதில் வரவில்லை.
மௌனத்தைச் சம்மதம் என்று
எடுத்துக்கொண்டது நான்தான்.
ஒவ்வொரு பிடிக்கும் காலண்டரில்
தேதிக்கு அடியில்
பென்சிலால் ஒரு கோடு.

குடும்ப ஜெபத்தில் ஷெர்லின் கேட்டாள்:
ஒன்றுதான் கேட்கலாமென்றால்
அப்பா எழும்பவா, கடன் தீரவா?
ரெண்டையும் கேள் என்றேன்.
கேட்டுவிட்டு
கணக்குப் பரீட்சைக்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

மா குறையாத பானையைப் பற்றி
அந்த ஞாயிறு பிரசங்கம்.
என் டின் குறைந்தது, ஆண்டவரே,
தட்டினால் கேட்கிற அளவுக்குக் குறைந்தது.
ஆனாலும் முதல் மணி அடித்ததும்
கால் செருப்பைத் தேடுகிறது.
விசுவாசம் என்று அதற்குப்
பெரிய பேரெல்லாம் வேண்டாம்.
இவரைப் புரட்டிப் படுக்கவைக்க
ரெண்டு மணிக்கொருதடவை விழிக்கிறேனே,
அதுபோல ஒன்று.
புரட்டாவிட்டால் புண் வரும்.

மாசக் கடைசிச் சனி
தங்கலீலா அக்கா வந்தாள்,
சாக்கோடும் நோட்டோடும்.
டின்னை நீட்டினேன்.
உள்ளே பார்த்தாள்.
காலண்டரைப் பார்த்தாள்.
முப்பத்தேழு கோடு.
நோட்டில் என் பேருக்கு நேரே
என்னமோ எழுதினாள்;
நான் எட்டிப் பார்க்கவில்லை.
பிறகு சாக்கின் வாயை அவிழ்த்து,
"சுளவை எடு பிள்ளே" என்றாள்.

அன்று வெந்தது
சபையார் எல்லாருடைய அரிசி.
வயல்காரர் வீட்டுச் சம்பா,
ரேஷன் புழுங்கல், மாடிவீட்டுப் பொன்னி,
வண்டு விழுந்தது, கல் கிடந்தது.
ஒரே பானை, ஒரே தீ.
ஒன்று குழைந்து கஞ்சியாகும்போது
இன்னொன்று அசையவே இல்லை.
புதுச் செருப்புக்காரர் வீட்டு அரிசியும்
இதில் எங்கேயோ கிடக்கும்.

ஷெர்லின் கடித்துக் கடித்துத் தின்றாள்.
"வேகாததுதான் வயிற்றில் நிற்கும்" என்றார்
படுத்தபடி, இவர்.
விழுந்த பிறகு சொன்ன
முதல் வேடிக்கை.

உலையில் போடுமுன்னே
ஒரு பிடி எடுத்து வைத்திருந்தேன்.
டின்னின் அடிகூட மறையவில்லை.
காலண்டரில் ஒரு கோட்டை அழித்தேன்,
முப்பத்தாறு பாக்கி.
அழிரப்பர் ஷெர்லின் பையில் இருந்தது;
எச்சில் தொட்டுக்
கறைவிரலால் தேய்த்ததில்
தேதியும் கொஞ்சம் அழிந்துபோயிற்று.